நகக்கப்பலின் தலையும் எய்லிஃப்பின் கையும்

எய்லிஃப் ப்ரோதென் டிராகனின் கழுத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டார் என்ற செய்தி என் காதில் விழுந்தது கூட்டுறவுக் கடையில், பழுப்புப் பாலாடைக்கட்டி அடுக்கின் முன்னால். ரொட்டி வரிசைக்கு நகர்வதற்குள் ரம்பம் கோடரியாகிவிட்டது. பணம் கட்டும் இடத்துக்கு வந்தபோது, எய்லிஃப் அந்தத் தலையை ஸ்வீடன்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டு ஸ்பெயினுக்கு வெயில் காயப் போகிறார் என்று வளர்ந்திருந்தது. எங்கள் ஊரில் எது காணாமல் போனாலும் கடைசியில் ஸ்வீடனுக்குத்தான் போய்ச் சேரும், ஓடிப்போன கோழி உட்பட.

"நீயே பாத்தியா?" என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் எல்லாரும் சொல்றாங்களே."

"யாரு அந்த எல்லாரும்?"

"இப்ப நீயும் நின்னு கேக்குற இல்ல, உன்னையும் சேத்துதான்."

வதந்தியில் பங்குதாரர் ஆகிவிட்ட பிறகு அதைச் சரிபார்க்காமல் விடுவது முறையல்ல. தவிர, இந்த ஊரில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் என்று பெயர் வாங்கியவர் எய்லிஃப். ஒருமுறை டிராக்டரின் பின்விளக்கு உடைந்திருப்பதை வீட்டுக்கு வந்த பிறகு கவனித்து, அதே டிராக்டரை ஓட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்த் தன்மேல் தானே புகார் கொடுத்தவர். காவலர் மான் வேட்டை விடுப்பில் இருந்ததால் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார். இன்னொரு முறை, சதுப்பில் மஞ்சள் பெர்ரி பறிக்கும்போது எல்லை தெரியாமல் பக்கத்து நிலத்தில் கால் வைத்துவிட்டார். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கப் போனால் நிலத்துக்காரர் செத்துப்போயிருந்தார். பிள்ளைகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், கரண்டியால் அளந்து, பாதிப் பாதி கொடுத்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர் ஊர்ச் சொத்தின் கழுத்தை அறுப்பாரா?

கழுத்து என்றால் நகக்கப்பலின் கழுத்து.

எங்கள் நார்வேயின் பழைய கதைகளில் உலகம் அழியும் நாளில் ஒரு கப்பல் வரும். செத்தவர்களின் வெட்டாத நகங்களால் கட்டிய கப்பல். ஆகவே சாகும்போதும் நகத்தை வெட்டிக்கொண்டு சாக வேண்டும். இல்லாவிட்டால் எதிரிக்குப் பலகை கொடுத்த பாவம் நமக்கு. இந்தக் கதையை எடுத்து, அதில் குழந்தைகளை உட்கார வைத்து, முடிவில் வாஃபிள் விற்கலாம் என்று எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு காலத்தில் தோன்றியது. ஏரிக்கரையில் இருந்த பூங்காவில் கால்வாய் கட்டினார்கள். பம்பு வைத்து ஏரித் தண்ணீரை இழுத்து ஓடவிட்டார்கள். எட்டுப் பேர் உட்காரும் நான்கு படகுகள், முகப்பில் டிராகன் தலை. படகு இருட்டுக் குகைக்குள் நுழையும். நெருப்பு அரக்கர்கள், சங்கிலியை அறுத்துக்கொண்டு பாயும் ஓநாய், கடைசியில் உலகத்தையே சுற்றிக் கிடக்கும் பாம்பின் வாய். வாய்க்குள் போன படகு பின்பக்கமாகச் சரிந்து, கூச்சலோடு வெளியே வந்து, வாஃபிள் கடை வாசலில் நிற்கும். உலகம் அழிந்த பத்தாவது நொடியில் ஜாம் தடவிய வாஃபிள் கையில் இருக்கும். இதைவிட நல்ல மதம் எனக்குத் தெரியாது.

பாம்பையும் டிராகனையும் செய்தவர் தூர்டிஸ் என்ற பெண்மணி. அவர் தொழில் பல் செட் கட்டுவது. வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் கட்டிக் கொடுத்த பல்லால்தான் மான் கறி தின்றார்கள். கை பழகியது அதிலேதான் என்பதால், உலகத்தைச் சுற்றிய பாம்புக்கு மனுஷக் கடைவாய்ப் பல் இருந்தது. ஒரு பல்லில் வெள்ளிகூட அடைத்திருந்தார். படகின் பக்கங்களில் ஒட்ட நகம் வேண்டுமே என்று ஊரையே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கட்டைவிரலையும் அச்செடுத்தார். பாதிரியாரின் நகம், பால்காரரின் நகம், தலைமையாசிரியர் கடித்து மிச்சம் வைத்த அரை நகம், எல்லாம் அந்தப் படகுகளில் இருந்தன.

மரம் அறுக்கும் ஆலை மூடியபோது எய்லிஃப் பூங்காவுக்கு வேலைக்கு வந்தார். குகை வாசலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, கொக்கி வைத்த கம்பால் படகைப் பிடித்து நிறுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் விட வேண்டும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து ஒரே கேள்வி: "நகம் வெட்டினியா?"

வெட்டாத குழந்தைகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். எய்லிஃப் தலையை ஆட்டி, "அப்ப ஒரு பலகை கூடிடுச்சு" என்பார். அவ்வளவுதான். அன்றிரவே எங்கள் ஊரில் நகவெட்டிகள் வேலை செய்யும். கோடைதோறும் இதுதான். குளிர்காலத்தில் கால்வாயை வடித்து, பாசியைச் சுரண்டி, பம்பைக் கழற்றித் துடைத்து வைப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "கோடையில நேரமில்ல, குளிர்ல யாரும் வெளிய வர்றதில்ல" என்று பதில் வரும்.

பிறகு படகு பழசானது, பம்பு இருமியது, குழந்தைகள் கயிற்றில் தொங்கிப் பறக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்பது வருடம் முன்பு, பிப்ரவரியில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். படகை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுக் கயிறு கட்டுவதா? தூர்டிஸ் எழுந்து படகுக்காகப் பேசினார். எங்கள் ஊரில் தன் கைவேலைக்காகத் தானே பேசுவது உள்ளாடையோடு கடைக்குப் போவது மாதிரி. பேசி முடித்து உட்கார்ந்தபோது அவர் கழுத்துவரை சிவந்திருந்தது. அப்போது எய்லிஃப் எழுந்தார். படகுக்காக இரண்டு வார்த்தை சொல்லப்போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் இன்ஹபில்" என்றார். வெளியே போய்விட்டார்.

தன் சொந்த நலன் கலந்த விஷயம் விவாதத்துக்கு வந்தால் எழுந்து வெளியேறிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தச் சொல். எங்கள் ஊரில் இதைவிடப் புனிதமான சொல் பைபிளிலும் இல்லை. விதி நிர்வாகக் குழுவுக்குத்தான், எய்லிஃப் வெறும் உறுப்பினர், போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் போனார். ஓட்டு சரிசமமாக வந்தது. தலைவர் தன் கூடுதல் ஓட்டைக் கயிற்றின் பக்கம் போட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள், எய்லிஃப் பனியில் நின்றுகொண்டிருப்பதையும், கன்னத்தில் கண்ணீர் உறைந்திருப்பதையும் பார்த்தார்கள். தன் ஒரு ஓட்டில் பிழைத்திருக்கக்கூடிய படகை நேர்மைக்காகச் சாகவிட்டவர்! எங்கள் ஊரில் அதன்பிறகு குழந்தைகளுக்கு நேர்மை என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

பாம்பை வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். தூர்டிஸுக்கு மிஞ்சியது ஒரு கடைவாய்ப் பல். நான்கு படகில் மூன்று போயின. ஒன்று மட்டும், தலையோடு, சங்கத்தின் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

இந்த வருடம் கடை முன்னால் ரவுண்டானா போட்டார்கள். ரவுண்டானா போட்டால் நடுவில் ஏதாவது நிற்க வேண்டும். இந்த நாட்டில் அது சட்டம் இல்லை, அதைவிடக் கடுமையானது. சங்கத்தின் கலாசாரச் செயலாளர் ஓர்யான், முப்பது வயதுப் பையன், எதையும் உற்சாகத்தோடு செய்து எல்லோரையும் சோர்வடையச் செய்பவன், நகக்கப்பலை அங்கே நிறுத்தலாம் என்றான். விவசாயிகள் தரப்பில் ஆள் உயர உருளைக்கிழங்குச் சிற்பம் என்றார்கள். வியாழக்கிழமை கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. கப்பல் ஜெயிக்கும் என்றுதான் பேச்சு. எழுபத்தொன்பது வயது தூர்டிஸ் டிராகனுக்குப் புதுக் கண்ணாடிக் கண் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். திங்கட்கிழமை கொட்டகையைத் திறந்தால் தலை இல்லை. தரையில் மரத்தூள். தலை இல்லாத படகு துணி துவைக்கும் தொட்டி மாதிரி இருக்கும். யாரும் தொட்டிக்குக் கை தூக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எய்லிஃப் வீட்டுக்குப் போனேன். வாசலில் காலணியைக் கழற்றும்போதே அது கண்ணில் பட்டது. விறகு அடுக்கு.

இங்கே ஒரு மனிதனின் விறகு அடுக்கைப் பார்த்தால் போதும், அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று முடிவு செய்துவிடலாம். எய்லிஃப்பின் அடுக்கு நூல் பிடித்தது போல் இருக்கும். கணக்கு வாத்தியார்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதில் நடுவில் ஒரு இடம் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் பிதுங்கியிருந்தது.

"காப்பி போடட்டுமா?" என்றார் எய்லிஃப் கதவில் நின்று.

"போடு. விறகு கோணியிருக்கே."

"ஈரம்."

"இந்த வெயில்லயா?"

அவர் உள்ளே போனார். காப்பி வந்தது. கூடவே ஒரு தகர டப்பா. அதில் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகள், மே மாதத்தில். ஒன்றுகூடத் தொடப்படவில்லை.

"தூர்டிஸ் குடுக்கறது" என்றார். "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும். ஏழு வகை. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சா. 'எல்லாரவிட அதிகமா இழந்தவன் நீதான்'னு சொல்லிக் குடுத்துட்டுப் போவா."

"சாப்பிடலையா?"

"தொண்டையில இறங்கல. பறவைக்குப் போட்டா அதுங்களும் தின்னாம பாக்குது."

நான் எழுந்து வெளியே போய், பிதுங்கிய இடத்தில் நான்கு கட்டைகளை எடுத்தேன். ஐந்தாவது கட்டைக்குப் பின்னால் இருந்து ஒழுங்கான பல்வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது.

எய்லிஃப் என் பின்னால் காலுறையோடு வந்து நின்றிருந்தார்.

"அடுக்கத் தெரிஞ்சவன்தான்" என்றார். "திருட்ட மறைச்சு அடுக்கிப் பழக்கம் இல்ல."

"ஏன் எய்லிஃப்?"

"கப்பல்கிட்ட ஓர்யான் வைக்கப்போற பலகையப் பாத்தியா? 'தன் அன்பைவிட நேர்மையை மேலாக மதித்த எய்லிஃப் ப்ரோதென் நினைவாக'. உயிரோட இருக்கறவனுக்கு என்னடா நினைவுன்னு கேட்டேன். வேணாம்னு சொன்னேன். 'எளிமையானவர்'னு ஒரு வார்த்தையச் சேத்தான். எனக்குத் தகுதியில்லன்னேன். 'தகுதியைத் தேடாதவர்'னு சேத்தான். மூணாவது தடவ ஃபோனயே எடுக்கல. படமும் பொறிக்கறேன்னு செய்தி விட்டான். இந்த ஊர்ல வேணாம்னு சொல்லி ஒண்ணுத்தயும் நிறுத்த முடியாது. அப்புறம்தான் ரம்பத்த எடுத்தேன்."

"பலகைதான் புடிக்கல. தல என்ன பண்ணுச்சு?"

"தல இல்லன்னா கப்பல் இல்ல. கப்பல் இல்லன்னா பலகை இல்ல. நான் தெனம் பால் வாங்க அந்த ரவுண்டானாவச் சுத்திதான் போகணும். என் பொய்யச் சுத்தி நானே வண்டி ஓட்டணுமா?"

"என்ன பொய்?"

விறகு வெட்டும் கட்டையில் உட்கார்ந்தார். நெடுநேரம் காலுறையில் ஒட்டிய மரச் சிராய்களைப் பிடுங்கினார்.

"எனக்கு அலுத்துப்போச்சு" என்றார். "இருபத்தாறு கோடை. ஈர பூட்ஸ். ஒரே கேள்வி. அந்தப் பாம்புப் பல்லப் பாத்தா எனக்குப் பல்லு வலிக்கும். மூடினா நல்லாருக்கும்னு ரெண்டு வருஷமா மனசுல ஓடிட்டிருந்துச்சு. அன்னைக்கு அவ எழுந்து பேசினா. அவ பேசி நீ பாத்திருக்கியா? கழுத்தெல்லாம் செவந்துபோச்சு. மூடுங்கன்னு அவ முன்னாடி கை தூக்க எனக்குத் துணிச்சல் இல்ல. மூட வேணாம்னு கை தூக்க மனசு இல்ல. அப்பதான் விதி ஞாபகம் வந்துச்சு. எவ்வளவு அழகான விதி!"

"கண்ணீர்?"

"மைனஸ் இருபது. அங்க மாடு நின்னாலும் கண்ணுல தண்ணி வந்திருக்கும்."

சிரிக்கலாமா என்று யோசித்தேன். அவர் முகம் அனுமதிக்கவில்லை.

"அது மட்டும் இல்ல" என்றார். "ஜன்னல் இருந்துச்சு. கை எல்லாம் தெரிஞ்சுது. எண்ணினேன். ரெண்டு பக்கமும் எண்ணினேன். சமம்னு தெரிஞ்சுது. கதவு பூட்டல. நான் கைப்பிடியத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. விட்டுட்டேன்."

ஊர் முழுக்க எனக்கு ஒரு வதந்தியைத்தான் கொடுத்திருந்தது, ரம்பம். அதைச் சரிபார்க்கப் போன இடத்தில் கதவின் கைப்பிடி கிடைத்தது.

"தூர்டிஸ் புதுக் கண்ணு வாங்கி வச்சிருக்கா, தெரியுமா?" என்றேன்.

"கண்ணா?"

"டிராகனுக்கு. பச்சைக் கண்ணாடி. அவ செஞ்சதுல மிச்சம் இருக்கறது இந்தத் தல ஒண்ணுதான் எய்லிஃப். உருளைக்கிழங்கு வந்துட்டா அதுவும் இல்ல."

அவர் தலையைப் பார்த்தார், விறகைப் பார்த்தார். "என் பேர அழிக்கணும்னுதான் நெனச்சேன். அது அவ தலன்னு நெனைக்கவே இல்ல. மறுபடியும் அவளயே..."

தலையைக் காரின் பின் இருக்கையில் வைத்தோம். கிளம்பியதும் கார் கத்த ஆரம்பித்தது. டிராகனுக்குப் பெல்ட் போடும்வரை நிறுத்தவில்லை. எய்லிஃப் பின்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கடை வாசலில் நின்ற இரண்டு பேர் பார்த்தார்கள். ஸ்வீடன் வதந்திக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

தூர்டிஸ் கதவைத் திறந்ததும் எங்களைப் பார்க்கவில்லை. டிராகனின் வாயைத் திறந்து விரலால் ஒவ்வொரு பல்லாக அசைத்தார்.

"மேல முன்பல்லு ஆடுது. யாரு கீழ போட்டது?"

"நான்" என்றார் எய்லிஃப்.

"எங்க கெடச்சுது உனக்கு?"

"கெடைக்கல. நான்தான் அறுத்தேன்."

தூர்டிஸ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "காப்பி இருக்கு. வா."

சமையலறையில் எய்லிஃப் எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஆனால் ஜன்னலை விடாமல். மேசையில் தூர்டிஸ் பிஸ்கட் தட்டு வைத்திருந்தார். இந்த நாட்டில் காப்பிக்கு அது தானாக வந்துவிடும்.

"எண்ணினியா?" என்று கேட்டார் தூர்டிஸ்.

"எண்ணினேன்."

"சமம்னு தெரியும்?"

"தெரியும்."

அவர் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார். எங்கள் ஊரில் நான் பார்த்த மிகப் பெரிய கோபம் அதுதான்.

"ஒம்பது கிறிஸ்துமஸ்" என்றார். "விரல் மூட்டு வலியோட ஏழு வகை சுட்டேன். பாவம், படகப் பறிகுடுத்துட்டானேன்னு. நான் என் பாம்ப நெனச்சு அழுறதுக்குக்கூட வெக்கப்பட்டேன்டா, உன் கஷ்டம் பெருசுன்னு."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? அலுத்துப்போச்சுன்னா அலுத்துப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே! ஒரு கோடை நான் கம்பப் புடிச்சிருப்பேன். எனக்கும் நகம் வெட்டினியான்னு கேக்கத் தெரியும். மூடணும்னு கை தூக்கியிருந்தாக்கூட ஒரு வருஷம் பேசாம இருந்திருப்பேன், அப்புறம் பேசியிருப்பேன். இப்படிப் புண்ணியவான் வேஷம் போட்டு என்னய பிஸ்கட் சுட வச்சியே!"

எய்லிஃப் குனிந்தே இருந்தார். "என்ன செய்யட்டும் சொல்லு."

"செய்யறதுக்கு என்ன இருக்கு? பாம்பு குப்பையில போயாச்சு. எனக்கு உங்கிட்ட வர வேண்டியது ஒரு கை. ஒரே ஒரு கை. அது இன்னும் பாக்கி."

"வியாழக்கிழமை தூக்கறேன்."

"எப்படித் தூக்குவ? பலகையில உன் பேரு இருக்கு. நீ இன்ஹபில்."

இதைச் சொல்லும்போது தூர்டிஸ் ஏறக்குறையச் சிரித்துவிட்டார் என்று நான் இன்றும் நம்புகிறேன். எய்லிஃப் சிரிக்கவில்லை.

மூன்று பேருமாக ஓர்யானிடம் போனோம். அவன் தலையைப் பார்த்ததும் குதித்தான். பெயரை எடு என்று எய்லிஃப் சொன்னதும் அவன் கண் கலங்கியது.

"எய்லிஃப், நீ இவ்வளவு அடக்கமா இருக்கறது..."

"இது அடக்கம் இல்ல" என்றார் தூர்டிஸ். "இவன் நெஜமாவே மோசம். எழுதிக்கோ."

"அப்ப யார் பேரப் போடறது? பலகைக்கு ஆர்டர் குடுத்தாச்சே."

"அவ பேரு" என்றார் எய்லிஃப். "செஞ்சது அவ. முதல்லயே அவ பேருதான் வந்திருக்கணும்."

ஓர்யான் தலையைச் சொறிந்தான். "அவ பேரு வந்தா அப்ப அவதான் இன்ஹபில். ஓட்டுப் போடும்போது தூர்டிஸ் வெளிய நிக்கணும்."

"நிக்கறேன்" என்றார் தூர்டிஸ். "எங்கிட்ட நல்ல கோட்டு இருக்கு. நான் ஜன்னல் வழியா எண்ண மாட்டேன், அவ்வளவுதான்."

வியாழக்கிழமை மழை. அதே உடற்பயிற்சிக் கூடம். தூர்டிஸ் அந்தப் புனிதச் சொல்லைச் சொல்லிவிட்டு, குடையோடு வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. தலைவர் ஓட்டெடுப்பு என்று வாயைத் திறப்பதற்குள் எய்லிஃப் எழுந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் யாராவது மனதைத் திறந்தால் மற்றவர்கள் படும் வேதனையைச் சொல்ல வார்த்தை இல்லை. எய்லிஃப் அலுப்பைச் சொன்னார், விதியைச் சொன்னார், மைனஸ் இருபதைச் சொன்னார், ஜன்னலைச் சொன்னார், கைப்பிடியைச் சொன்னார். நேர்மைக்கு உதாரணமாக அவரைக் காட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கூரையில் தொங்கிய கூடைப்பந்து வளையத்தை ஆராய்ந்தார்கள். ஒருவர் தெர்மாஸ் மூடியைத் திருகித் திருகித் திறக்கவேயில்லை. ரம்பத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

யாரோ இருமினார்கள்.

"சரி" என்றார் தலைவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "கப்பலுக்கு ஆதரவா?"

அறை முழுக்கக் கை எழுந்தது. அந்த மௌனத்திலிருந்து தப்பிக்க இருந்த ஒரே கதவு அதுதான். உருளைக்கிழங்குத் தரப்பின் தலைவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, ஒன்றை இறக்கினார். எய்லிஃப்பின் கை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோரும் இறக்கிய பிறகும் நின்றது.

வெளியே தூர்டிஸ் கூரை விளிம்பின் கீழே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"வந்துடுச்சு" என்றார் எய்லிஃப். மூச்சு வாங்கியது. "நான் தூக்கினேன்."

"எத்தன பேரு?"

"எல்லாரும்."

"உருளைக்கிழங்குக்காரங்களுமா?"

"அவங்களும்தான்."

தூர்டிஸ் குடையை மடக்கினார். மழை நின்றிருக்கவில்லை. "அப்ப உன் கை இல்லன்னாலும் வந்திருக்கும்."

எய்லிஃப் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்ற பெயரை இழந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. "வந்திருக்கும்" என்றார்.

"அப்ப இது சேராது. அன்னைக்கு வேண்டியிருந்த கைதான் பாக்கி. வேண்டாத கைய வச்சு அதக் கழிக்க முடியாது."

"நியாயம்தான்" என்றார் எய்லிஃப்.

கப்பல் இப்போது ரவுண்டானாவில் நிற்கிறது. பச்சைக் கண். பலகையில் தூர்டிஸ் பெயர் மட்டும். வெளியூர்க்காரர்கள் வழி தவறி மூன்று சுற்றுச் சுற்றி, டிராகனுக்கு ஏன் பல் செட் என்று கேட்கிறார்கள். எய்லிஃப் பால் வாங்கப் போகும்போது ஒரு சுற்றோடு திரும்பிவிடுகிறார்.

ஆனால் ஊர்ச் சங்கக் கூட்டம் எதையும் அவர் இப்போது விடுவதில்லை. நாய்க்குக் கயிறு கட்டுவது, சாலையில் பனிக்கு மணல் போடுவது, நூலகத்தைச் சனிக்கிழமை திறப்பது, எதுவானாலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வலது கையை முழங்கால்மேல் தயாராக வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தூர்டிஸைப் பார்க்கிறார். தூர்டிஸ் பின்னிக்கொண்டிருப்பார். போன மாதம் குப்பைத் தொட்டிக்குப் பச்சையா சாம்பலா என்று ஓட்டு வந்தபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. எய்லிஃப்பின் கை பாதி எழுந்து நின்றது.

தூர்டிஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இதுக்கா?" என்றார்.

கை மறுபடி முழங்காலுக்கு இறங்கிவிட்டது.